சீனி வருத்தமும் ஓ.பீ.டி. காப்புறுதியும்: காசு வீணாகாமல் பாவிப்பது எப்படி

வேலையிடம் எடுத்துத் தரும் மருத்துவக் காப்புறுதிப் பொலிஸியில் ஐந்து லட்சம் என்று போட்டிருக்கும். அது வைத்தியசாலைக் கட்டிலில் படுத்தால் கிடைக்கிற காசு. சீனி வருத்தக்காரருக்குச் செலவாவதோ சனல் காசும் இரத்தப் பரிசோதனையும் மாதாமாதக் குளிசையும். இவை ஓ.பீ.டி. (கட்டிலில் படுக்காமல் பெறும் வெளிநோயாளர் சிகிச்சை) வரம்புக்குள்தான் வரும். அந்த வரம்பு சின்னது, சில பொலிஸிகளில் அறவே இல்லை. எச்.ஆரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: ஓ.பீ.டி. எவ்வளவு, நெடுநாள் நோய்க்கான மருந்து அதில் அடங்குமா?

ஓ.பீ.டி. வரம்பு வருடத்துக்கு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதைக் குளிசைக்கே விட்டால் சில மாதங்களில் முடிந்துவிடும். சீனிக்கான மெட்போமின் குளிசையும் இன்சுலினும் அரச கிளினிக்கில் இலவசம். எனவே கிளினிக் கொப்பியைக் கைவிடாதீர்கள்; வேலை மாறினால் காப்புறுதி போகும், கொப்பி போகாது. கிளினிக்கில் மருந்து முடிந்து வெளியே வாங்கச் சொல்லித் துண்டு தந்தால், அதைக் கிளெய்முக்கு வையுங்கள். மிச்சக் காசைப் பரிசோதனைகளுக்கு ஒதுக்கலாம். எச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) சீனி கட்டுப்பாட்டில் இருந்தால் வருடத்துக்கு 2 தடவை, மருந்து மாற்றினால் 3 மாதத்துக்கு ஒருமுறை. இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. சிறுநீரில் அல்புமின், கொலஸ்ட்ரோல், கண், பாதம் ஆகியவை வருடத்துக்கு ஒருமுறையாவது. கண்ணுக்குக் கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது, அதற்கும் காசில்லை.

கிளெய்ம் திரும்பி வருவது பெரும்பாலும் கடதாசிக் கோளாறால்தான். டொக்டரின் துண்டில் நோயின் பெயர் இல்லாவிட்டால் "வழமையான செக்கப்" என்று தள்ளிவிடுவார்கள், ஆகவே அறையை விட்டு வருமுன் எழுதுவித்து வாங்குங்கள். டொக்டர் எழுதாமல் நீங்களாக லாப்பில் செய்த பரிசோதனைக்கும் இதே கதிதான். பார்மசி பில்லில் நோயாளியின் பெயர், ஒவ்வொரு மருந்தின் பெயர், எண்ணிக்கை, விலை தனித்தனியாக வேண்டும். "மருந்து – 4,850" என்று ஒற்றை வரியில் அடித்த பில் செல்லாது. பழைய துண்டைக் காட்டி வாங்கும்போது திகதி இடிக்கும், புதிதாக எழுதுவிப்பது நல்லது. பார்மசி பில் கடதாசி நாளாக நாளாக வெளுத்துவிடலாம், அன்றே படமெடுத்து வையுங்கள். வீட்டில் சீனி பார்க்கும் ஸ்ட்ரிப் பெட்டிகளைப் பல பொலிஸிகள் ஏற்பதில்லை, முன்கூட்டியே கேளுங்கள்.

தனியாகப் பொலிஸி எடுப்பவர் சீனியை மறைக்கவே கூடாது. முகவர் "அதை எழுத வேண்டாம்" என்றாலும் கையெழுத்து உங்களுடையது. பின்னர் காலில் புண் என்று படுக்கும்போது பழைய கிளினிக் கொப்பியைக் கேட்பார்கள், முதல் பக்கத்திலேயே திகதி இருக்கும். உண்மையை எழுதினால் கட்டணம் கூடலாம், காத்திருப்புக் காலம் போடலாம். எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

மறுத்தால் காரணத்தைக் கடிதமாகக் கேளுங்கள். கம்பனியிடமே முறையிட்டும் சரிவராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுவர்) போகலாம், அதற்குக் கட்டணமில்லை.