அடி வாங்கிய பெண் முதலில் எங்கே போகலாம்?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் ஒரு வீட்டில் அடி விழுந்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். "புருஷன் பொண்டாட்டி சண்டை" என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் இதற்காகவே இருக்கிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று: போலீஸ் ரிப்போர்ட் செய்யாமலே சமூகநல இலாகா அதிகாரியிடம், அடிப்பவரைத் தடுக்கும் அவசரப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அடிபட்டிருந்தாலும், அடி விழும் என்ற பயம் இருந்தாலும் போதும். விண்ணப்பித்த 2 மணி நேரத்துக்குள் உத்தரவு தர வேண்டும். அது 7 நாள் செல்லும். கணவரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது போலீஸின் வேலை, அக்கா தங்கச்சிகள் அலைய வேண்டாம். அந்த 7 நாளுக்குள் ரிப்போர்ட் செய்துவிட்டால், அப்புறம் நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவுக்கு வழி இருக்கிறது.

காயம் இருந்தால் நேராக அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். "வீட்டில் அடித்துவிட்டார்" என்று சொல்லத் தயங்காதீர்கள், தனி அறையில் வைத்துப் பார்ப்பார்கள்.

அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசிஹ் (Talian Kasih) எண் 15999, 24 மணி நேரமும் எடுப்பார்கள். வீட்டுக்குள் பேச முடியாதா? 019-2615999-க்கு வாட்ஸ்அப் அனுப்புங்கள், பிறகு அழித்துவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

ஐசி (அடையாள அட்டை), பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கொஞ்சம் பணம், ஒரு செட் துணி. இவற்றை நம்பகமான உறவினர் வீட்டில் இன்றே கொடுத்து வையுங்கள்.