ஊராட்சியின் காலநிலைப் பணி வரத்துக்காலில் தொடங்கட்டும்

காலநிலை மாற்றத்துக்கு ஊராட்சி என்ன செய்யலாம் என்று கேட்டால், பேச்சு பெரும்பாலும் மரக்கன்றில் போய் நிற்கிறது. கன்றும் வேண்டும்தான். ஆனால் ஒரு வாரம் பெய்ய வேண்டிய மழை ஒரே இரவில் கொட்டும்போது ஊரைக் காப்பவை, ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலும் மிஞ்சியதை வெளியேற்றும் மறுகாலும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டால் செப்டம்பர் முழுக்க வேலைக்குக் கிடைக்கும்.

முதல் வேலை நடந்து பார்ப்பது. தலைவர், செயலர், வார்டு உறுப்பினர்களோடு முன்பு மடையைத் திறந்து மூடி நீர் பார்த்த பெரியவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு, புல வரைபடத்துடன் ஊருணியிலிருந்து மேட்டை நோக்கி நடங்கள். அடைப்பு பெரும்பாலும் சாலையைக் கடக்கும் குழாய்ப்பாலத்தில்தான் இருக்கும். மண்ணை அள்ளிக் குழாயின் அடியைக் கண்டுபிடித்து, கொத்தனாரின் டியூப் லெவலால் (நீர் நிரப்பிய மட்டக்குழாய்) மட்டம் பாருங்கள். குழாயின் அடி வாய்க்கால் தரையைவிட உயரத்தில் இருந்தால் எவ்வளவு தூர் வாரினாலும் பயனில்லை. நீர் எதிர்த்துத் தெருவுக்குள் வரும். குழாயை இறக்கிப் பதிக்க வேண்டும்.

அடுத்து கணக்கு. ஒரு ஹெக்டேரில் 50 மி.மீ. பெய்தால் 5 லட்சம் லிட்டர். அதில் 30 சதவீதம் ஓடி வந்தால் ஒன்றரை லட்சம். சராசரியாக 40 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள ஊருணி 32 லட்சம் லிட்டர் கொள்ளும். அதாவது அப்படி ஒரு மழையில் நிரம்ப, சுமார் 21 ஹெக்டேர் நிலத்து நீர் தடையின்றி வந்து சேர வேண்டும்.

தூர் வாரும்போது ஆசைப்பட்டு ஆழம் போகாதீர்கள். வண்டல் தீர்ந்து களி தட்டியதும் நிறுத்துங்கள். களியை உடைத்து மணலைத் தொட்டுவிட்டால் நீர் கீழே இறங்கிவிடும். தை பிறக்கும்முன் ஊருணி வறண்டுவிடும். நீர் நுழையும் இடத்தில் 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் வண்டல் குழி வெட்டினால் மண் அங்கேயே தங்கும். அள்ளுவதும் எளிது.

மறுகால் மட்டத்தைவிடக் கரை ஒரு மீட்டராவது உயர்ந்திருக்கட்டும். கூடுதல் நீர் தேக்கலாம் என்று மறுகாலில் மணல்மூட்டை அடுக்குவதை எந்த ஊரிலும் அனுமதிக்கக் கூடாது. ராத்திரி மழையில் நீர் கரைமேல் ஏறி வழியும். வழிந்த இடத்தில் மண் அரித்து, விடிவதற்குள் கரை உடையும். கரையோரம் 3 மீட்டருக்கு ஒன்றாகப் பனங்கொட்டை ஊன்றுங்கள். தண்ணீர் ஊற்ற ஆள் தேவையில்லை.

மின்சாரத்திலும் சேமிக்கலாம். சோக்கோடு 50 வாட் இழுக்கும் 100 பழைய தெருவிளக்குக் குழல்களை 20 வாட் எல்இடியாக மாற்றினால், 12 மணி நேரத்தில் 36 யூனிட் மிச்சம். மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் எல்இடிக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் எரிந்துபோகும், ஆகவே திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தாங்கும் சர்ஜ் பாதுகாப்புள்ளதையே வாங்குங்கள். மேட்டுப்பாளையம் அருகேயுள்ள ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலையே சொந்தமாக நிறுவியது.

ஊருணிக்குள் சென்டிமீட்டர் அளவுக்கல் ஒன்று நடுங்கள். முதல் பெருமழை பெய்த அன்றே மட்டத்தைக் குறித்துக்கொண்டு, குடையோடு வரத்துக்காலை மறுபடி நடந்து பாருங்கள். நீர் எங்கே தயங்கி நிற்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.