தூர்வாரிய கண்மாயில் மீன் ஏன் குறைகிறது? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

தூர்வாரிய முதல் ஆண்டு கண்மாய் நிறைந்து நிற்பதைக் கண்டு மகிழ்ந்த ஊர், மூன்றாம் ஆண்டு மீன்பிடித் திருவிழாவில் ஊத்தா என்னும் மீன்பிடிக் கூடையைக் கவிழ்த்த இடமெல்லாம் ஜிலேபிக் கெண்டைதான் அகப்படுகிறது என்று அலுத்துக்கொண்டதைச் சிவகங்கைப் பக்கம் கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டின் ஏறத்தாழ 39,000 ஏரி, குளம், கண்மாய்களில் பெரும்பாலானவை பாசனத்துக்காக அமைக்கப்பட்டவை. ஆகவே அவற்றைச் சீரமைப்பவர்கள் கொள்ளளவை முதலில் கணக்கிடுவது இயல்பே. மீனைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு போதாது. எந்த மாதத்தில், எந்த ஆழத்தில், எந்த வாய்க்காலோடு தொடர்புற்றுத் தண்ணீர் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இதைப் பாராமல் செய்யப்படும் தவறுகள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு செய்யப்படுபவை என்பதாலேயே தவறென்று தெரியாமல் அடுத்த ஊருக்கும் பரவிவிடுகின்றன.

அவற்றில் முதலாவது, கண்மாயில் நீர் தேங்கும் உட்பரப்பான உள்வாய் முழுவதையும் ஒரே ஆழத்துக்கு வழித்தெடுப்பது. பொக்லைனை மணிக்கணக்கு வாடகைக்குப் பிடித்துவிட்டால், கரையோரத்திலிருந்து தொடங்கிக் கைக்கு எட்டிய இடத்திலெல்லாம் தோண்டிவிடத் தோன்றும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. வண்டலுக்கு அடியிலுள்ள களிமண் படுகையை வெட்டிவிட்டால், தேங்கிய நீரும் விரைவில் கசிந்து இறங்கிவிடும். கரையின் உள்பக்க அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால் கரையே சரியலாம். இவை விவசாயிக்கு நேரும் இழப்புகள். மீனுக்கு நேரும் இழப்பு கண்மாயின் மேட்டுப்புறத்தில், மழைக்காலத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர் பரவி நிற்கும் சரிவில் நிகழ்கிறது. விரால் முட்டையிடுவது அங்கேதான். கோரைக்கும் அல்லிக்கும் நடுவே ஒரு சிறு வட்டத்தைத் துப்புரவாக்கி, நீர்மட்டத்தில் மிதக்கும் முட்டைகளைச் சுற்றித் தாய்தந்தை மீன்கள் காவல் நிற்கும். பிறகு பார்ப்புகள் எனப்படும் செந்நிறக் குஞ்சுகள் ஒரு பந்துபோலத் திரண்டு, மூச்செடுக்க மேலே வருவதும் கீழே இறங்குவதுமாகக் கொதிக்கும் உலைபோல் அந்த இடம் அசைந்துகொண்டிருப்பதைக் கார்த்திகை மாதக் காலை வேளையில் கரையில் நின்றே பார்க்கலாம். அந்தச் சரிவைச் செங்குத்தாக வெட்டிவிட்ட கண்மாயில் விராலுக்கு முட்டையிட இடமில்லை; ஆழமில்லாத நீரில் நின்று இரை தேடும் கொக்குக்கும் நாரைக்கும் கால் ஊன்ற இடமில்லை.

தூர்வாரவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. கோடையின் கடைசித் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை, மடையைத் திறந்து வயல்களுக்கு நீர் பாய்ச்சும் ஊர்ப் பணியாளரான நீர்க்கட்டியோடு நடந்து பார்த்து, அந்த ஓரிடத்தில் மட்டும் ஒரு மடுவை ஆழப்படுத்துவது நல்லது. அயிரையும் கெளுத்தியும் ஆராலும் அடுத்த மழைவரை உயிர் பிழைத்திருக்க அந்த மடு போதும். மேட்டுப்புறச் சரிவைத் தொடாமல், மடை மட்டத்துக்கு மேலே படிந்த வண்டலை மட்டும் எடுத்தால் வயலுக்கு உரமும் கண்மாய்க்குக் கொள்ளளவும் ஒருசேரக் கிடைக்கும்.

இரண்டாவது தவறு, வேலையைக் கரைக்குள்ளேயே முடித்துக்கொள்வது. நீர் வந்து சேரும் வரத்துக்காலையும், மிகுநீர் வழிந்து வெளியேறும் கலுங்கையும் விட்டுவிட்டுக் கண்மாயை மட்டும் சீரமைப்பது, குழாயை மறந்து தொட்டியைக் கழுவுவதற்கு ஒப்பானது. ஐப்பசியில் முதல் வெள்ளம் கலுங்கு வழியே மறுகால் பாயும்போது, கீழ்க் கண்மாயிலிருந்தும் ஆற்றிலிருந்தும் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறிவரும். இக்காலத் தடுப்பணைகளின் செங்குத்தான கான்கிரீட் சுவர் அவற்றை அங்கேயே நிறுத்திவிடுகிறது. பனையேறிக் கெண்டை ஈரத் தரையில் செவுள்மூடியை ஊன்றி நகரக்கூடியது. தரங்கம்பாடியில் பணியாற்றிய டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி 1791-இல் அதைப் பனைமரத்தின் மேல் பிடித்ததாக எழுதிவைத்தது அறிவியல் உலகில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. மற்ற கெண்டைகளுக்கு அந்தத் திறமை கிடையாது. புதிதாகக் கட்டும் சுவரின் கீழ்ப்பக்கத்தில் ஒரு பகுதியையாவது கற்கள் பதித்த, சொரசொரப்பான, தாழ்ந்த சரிவாக அமைத்தால் அவை ஏறிவிடும். கட்டிமுடித்த பிறகு அதைச் சேர்ப்பதைவிட வரைபடத்திலேயே சேர்ப்பது மிக எளிது. சுவரைச் சரிசெய்த பிறகும், ஏறிவரும் சினை மீனை வாய்க்காலின் அகலம் முழுவதையும் அடைத்துப் பறி வைத்துப் பிடித்தால் பயனில்லை. பாதி வாய்க்காலையாவது திறந்துவிட வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

செடிகொடிகளை அகற்றுவதிலும் இதே அவசரம் காணப்படுகிறது. சீமைக்கருவேலத்தை அகற்றும்படி 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது, பல இடங்களில் அதனோடு நாட்டுக் கருவேலமும் வேரோடு போனது. இரண்டுக்கும் முள் உண்டு என்பதைத் தவிர ஒற்றுமை குறைவு. நாட்டுக் கருவேலத்தின் மேல் நீர்ப்பறவைகள் கூடு கட்டும். ஆகாயத்தாமரையை எடுத்தே ஆக வேண்டும். அதோடு சேர்த்துக் கோரை, அல்லி, கொட்டி ஆகியவற்றையும் வாரிப்போட்டால், குஞ்சு மீன் ஒளிந்துகொள்ள இடமிராது.

மீன்குஞ்சு விடுவதுதான் சீரமைப்பு என்று நினைப்பது, என் கருத்தில், இவற்றுள் மிகவும் கேடானது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை வடநாட்டுப் பேராறுகளின் மீன்கள்; தேங்கிய நீரில் அவை இனம்பெருக்குவதில்லை. 1957-இல் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரி ஊசி மூலம் அவற்றைக் குளத்திலேயே முட்டையிடச் செய்து காட்டிய பின்னரே குஞ்சுகள் பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கின. வளர்ப்புக்கு அவை நல்ல மீன்கள்தாம். ஆனால் ஆண்டுதோறும் விலைகொடுத்து வாங்கி விடவேண்டிய மீனால் ஒரு வாழிடம் மீண்டுவிட்டது என்று சொல்ல முடியாது. இதைவிட மோசமானது குஞ்சு விடுவதற்கு முன் செய்யும் ‘துப்புரவு’. பண்ணைக் குட்டைகளில் ஹெக்டேருக்கு 2,500 கிலோ வரை இலுப்பைப் பிண்ணாக்கு போட்டு, ஏற்கெனவே உள்ள மீன்களைக் கொல்வது மீன்வளர்ப்பில் பரிந்துரைக்கப்படும் முறை; பிண்ணாக்கிலுள்ள சப்போனின் மீனின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். பண்ணைக்குட்டைக்குச் சொன்ன அந்த முறையைக் கண்மாய்க்குக் கொண்டுவந்தால், ‘களை மீன்’ என்ற பெயரில் சாவது அயிரையும் கெளுத்தியும் உளுவையுந்தான். ஊரார் சந்தையில் அதிக விலை கொடுத்துத் தேடி வாங்கும் அயிரையைக் களை என்று அழைக்க யாருக்கு மனம் வந்ததோ தெரியவில்லை. தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை, மீன்பிடி உரிமையை ஏலமெடுத்த குத்தகைதாரர் எவரும் கொண்டுவந்து விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1952-இல் பாங்காக்கிலிருந்து இந்தியாவுக்கு வந்த ஜிலேபியை இனி அகற்ற இயலாது. முட்டையை வாயிலேயே சுமந்து காக்கும் மீன் அது. செங்குத்தாக வெட்டப்பட்டுச் செடியற்றுப்போன கண்மாயில் மற்ற மீன்கள் தடுமாறும்போது அது மட்டும் தழைக்கும். திருவிழாவில் ஊத்தா நிறைய ஜிலேபி விழுந்ததன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

நீர் ஆய்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பகல் பதினொரு மணிக்கு ஒரு பாட்டிலில் நீர் எடுத்து, அதிலுள்ள கரைந்த ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது என்று அறிக்கை எழுதுவது வழக்கமாகிவிட்டது. பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளிவிடும். இரவு முழுவதும் அதை உட்கொள்ளும். எனவே ஆக்சிஜன் மிகக் குறைவது விடியலுக்குச் சற்று முன்புதான், மீன் செத்து மிதப்பதும் அப்போதுதான். மீன்வளத்துக்கு உகந்த நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல் ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. அதை விடியற்காலையில் அளந்தால்தான் பொருளுண்டு. விராலும் தேளியும் உயிரோடிருப்பதைக் கண்டு நீர் நலமாக உள்ளது என்று முடிவுகட்டுவதும் பிழை, ஏனெனில் அவை மேலே வந்து காற்றையே சுவாசிப்பவை.

ஊர் மக்களோடு பேசுவதில் நேரும் தவறு, பேசுவதற்குத் தேர்ந்தெடுக்கும் நேரத்திலேயே தொடங்குகிறது. மதிப்பீடு தயாராகி, இயந்திரமும் வந்திறங்கிய பிறகு பள்ளிக் கட்டடத்தில் கூட்டம் போட்டு ‘ஈரநிலப் பாதுகாப்பு’ பற்றி விளக்கினால், வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு எழுந்து போவார்கள். கூட்டத்துக்கு அழைக்கப்படுபவர்களும் பெரும்பாலும் கண்மாய்ப் பாசனம் பெறும் ஆயக்கட்டு நிலம் வைத்திருப்பவர்கள்தாம். மீன்பாசிக் குத்தகைதாரர், வாத்து மேய்ப்பவர், உள்வாயில் ஆடு மேய்க்கும் பெண்கள், நீர்க்கட்டி ஆகியோர் வெளியே நிற்பார்கள். குத்தகை முடிகிற மாதத்தில் மீன் பிடிப்பதற்காகத் தண்ணீரை ஒட்ட இறைத்துவிடும் குத்தகைதாரரோடு பேசாமல், எந்த மடுவை ஆழப்படுத்தி என்ன பயன்? குறைந்தபட்ச நீர்மட்டம் ஒன்றை ஏல நிபந்தனையிலேயே எழுதி, அதை மடைக் கல்லில் சிவப்புக் கோடாக வரைந்துவிட்டால் வாய்த்தகராறு பாதி குறையும்.

ஆராய்ச்சியையும் மக்களையும் ஒன்றுசேர்க்க முடியும் என்பதற்குத் தாமிரபரணிப் படுகையில் 2011 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நல்ல சான்று. மீனுக்கும் அதைச் செய்யலாம். அதற்குத் தனி விழா வேண்டாம், மீன்பிடித் திருவிழாவே போதும். கரையேறுபவர்களில் பத்துப் பேரை நிறுத்தி, அவர்களுடைய கூடையை ஒரு சாக்கின் மேல் கொட்டச் சொல்லி, வகைவாரியாகப் பிரித்து எண்ணிக் கூடையிலேயே திருப்பிப் போட்டுவிட அரைமணி நேரம்கூட ஆகாது. பெயர் தெரியாத மீனுக்குப் பக்கத்தில் நிற்கும் முதியவர் பெயர் சொல்வார். தூர்வாருவதற்கு முந்தைய ஆண்டின் எண்ணிக்கை கையில் இருந்தால், வேலை முடிந்த மூன்றாம் ஆண்டில் அயிரை கூடியதா குறைந்ததா என்பதை அந்தச் சாக்கின் மேலேயே ஒப்பிட்டுவிடலாம்.