எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலி, காய்ச்சல் மாத்திரை: எதை, எவ்வளவு, எப்படி?

இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தலைவலிக்கோ காய்ச்சலுக்கோ மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கிப் போட ஏற்றது பாராசிட்டமால்தான். சில நாடுகளில் இதே மருந்து அசிட்டமினோஃபென் என்ற பெயரில் கிடைக்கும். இபுபுரூஃபென், நாப்ராக்ஸன், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், மெஃபனமிக் ஆசிட், வலிக்குப் போடும் ஆஸ்பிரின் ஆகியவை வேண்டாம். இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கு இந்தத் தடை ஆயுளுக்கும் உண்டு. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குழாய்போல ஆக்கும் ஸ்லீவ் செய்தவர்களுக்குச் சில மருத்துவர்கள் கொஞ்சம் தளர்த்துவார்கள். ஆனால் அதை அவர்கள் வாயால் கேட்ட பிறகே நம்ப வேண்டும்.

இரைப்பையின் உட்சுவர் அமிலத்தைத் தாங்குவது அதன்மேல் படர்ந்திருக்கும் சளிப்படலத்தால். அந்தப் படலம் சுரக்கத் தேவையான புரோஸ்டாகிளாண்டினை இந்த மாத்திரைகள் தடுத்துவிடுகின்றன. பைபாஸில் சிறுகுடலை நேராக இரைப்பைப் பையோடு இணைத்துத் தைத்திருப்பார்கள். குடலின் அந்தப் பகுதிக்கு அமிலம் பழக்கமே இல்லாததால், தையல் ஓரத்தில் புண் வரும், ரத்தம் கசியும். சிலருக்கு அது ஓட்டையாகி அவசர அறுவை சிகிச்சை வரை போகும். புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் ஆகாது, குடலில் கரையும் பூச்சு இருக்கிறது, ஊசியாகப் போட்டால் வயிற்றுக்கே போகாது என்றெல்லாம் சொல்வார்கள். மூன்றும் தவறு. மருந்து ரத்தத்தில் கலந்தபின் உடம்பு முழுக்கத் தடுப்பைச் செய்கிறது, எந்த வழியாக உள்ளே போனாலும் சரி. ஆசனவாயில் வைக்கும் மருந்துக்கும் இதே கதைதான். தினமும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறோமே என்ற தைரியமும் வேண்டாம். அது ஆபத்தைக் குறைக்கலாம், போக்கிவிடாது. தோலில் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லிலிருந்து ரத்தத்துக்குப் போகும் அளவு மிகக் குறைவு என்பதால், மூட்டுவலிக்கு அதைப் பயன்படுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு விதிவிலக்கு முக்கியம். இதயத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரும் அறுவை சிகிச்சை மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது.

பாராசிட்டமாலை எண்ணிச் சாப்பிடுங்கள்

வழக்கமாக ஒரு வேளைக்கு 500 அல்லது 650 மில்லிகிராம். இரண்டு வேளைகளுக்கு நடுவே 6 மணி நேரம் விட்டால் நல்லது, 4 மணி நேரத்துக்குக் குறையவே கூடாது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 24 மணி நேரத்துக்கு உச்சவரம்பு 4,000 மில்லிகிராம் என்றாலும், நீங்கள் 3,000-ஐத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பு. எடை குறைப்பு சிகிச்சைக்கு வருபவர்களில் பலருக்கு ஏற்கெனவே கொழுப்புக் கல்லீரல் இருக்கும். சாப்பாடு குறைந்த நாட்களில், இந்த மருந்தின் நச்சுக் கழிவை முறிக்கும் குளூட்டாதயோன் கல்லீரலில் குறைந்துவிடும். கல்லீரல் நோய், மதுப்பழக்கம், 50 கிலோவுக்குக் கீழான எடை, இவற்றில் எது இருந்தாலும் உங்கள் வரம்பு இன்னும் குறைவு. அந்த எண்ணை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு மீறுவது பெரும்பாலும் தெரியாமல்தான் நடக்கும். காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை நான்கு வேளை என்றால் 2,600. கூடவே சளிக்கு ஒரு கூட்டு மாத்திரை மூன்று வேளை, ஒவ்வொன்றிலும் 500 பாராசிட்டமால் என்றால் இன்னொரு 1,500. மொத்தம் 4,100! ஆகவே அட்டையின் முன்பக்கத்துப் பெயரை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். பாராசிட்டமாலோடு இபுபுரூஃபெனோ அசெக்ளோஃபெனாக்கோ சேர்த்த மாத்திரைகளும் அங்கேதான் பிடிபடும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் சில வயிற்று மருந்துகளில் ஆஸ்பிரின் இருப்பதும் அப்படித்தான் தெரியவரும்.

முதல் சில வாரங்களுக்குப் பெரிய மாத்திரை இறங்காது. சாதாரண பாராசிட்டமால் மாத்திரையை நன்றாகப் பொடித்து, அனுமதிக்கப்பட்ட கூழ் உணவு ஒரு கரண்டியில் கலந்து விழுங்கலாம். கசக்கத்தான் செய்யும். நீண்ட நேரம் வேலை செய்யும் வகை மாத்திரையை மட்டும் பொடிக்கவோ உடைக்கவோ கூடாது, மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். முழுதாக விழுங்கினாலும் மாறிய குடலில் அது சரியாக உறிஞ்சப்படும் என்ற உறுதி இல்லை, அதனால் அந்த வகையையே தவிர்த்துவிடுங்கள். சிரப் என்றால் 5 மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று பார்க்க வேண்டும்: 250 என்றால் 500-க்கு 10 மில்லி, 125 என்றால் 20 மில்லி. அளவுக் கோப்பையில் ஊற்றுங்கள், சமையல் கரண்டி வேண்டாம். சர்க்கரையோ, அதற்குப் பதிலாகச் சேர்க்கும் சார்பிட்டால் என்ற இனிப்போ அதிகமுள்ள சிரப் சிலருக்குப் படபடப்பையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவரும். சர்க்கரை இல்லாததையும் சார்பிட்டால் குறைந்ததையும் கேளுங்கள். நுரைத்துக் கரையும் மாத்திரையை வாயு முழுக்க அடங்கிய பிறகே குடிக்க வேண்டும். ஒன்றில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் சோடியம் வரை இருக்கலாம் என்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது தோதுப்படாது.

மாத்திரைக்கு முன்னால்

தலைவலி என்றால் முதலில் அன்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று கணக்குப் பாருங்கள். சிறுசிறு மிடறாக நாளுக்கு ஒன்றரை லிட்டர்கூட எட்டாவிட்டால் தலைவலிக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில வாரங்களில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். தையலில் கசிவு இருந்தால் காய்ச்சல், படபடவென்ற நாடித்துடிப்பு, மூச்சுத்திணறல், வயிற்றிலோ இடது தோளிலோ வலி என்றுதான் தொடங்கும். பாராசிட்டமால் காய்ச்சலை இறக்கிவிடும், கசிவு அப்படியே நடந்துகொண்டிருக்கும். உடனே மருத்துவக் குழுவை அழையுங்கள்.

பைபாஸ் செய்து வருடங்கள் ஆனபின்னும், விட்டுவிட்டு முறுக்கும் மேல்வயிற்று வலியை மாத்திரையால் அடக்கக் கூடாது. உடல் மெலிந்தபின் உள்ளே உண்டாகும் இடைவெளியில் குடல் சிக்கிக்கொண்டால் வலி இப்படித்தான் வரும். தாமதித்தால் குடலுக்கு ரத்தம் போவது நின்றுவிடும். அவசரப் பிரிவுக்குப் போய், பைபாஸ் செய்திருக்கிறேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

பல் பிடுங்கினாலும் கால் சுளுக்கினாலும் பழக்கத்தில் இபுபுரூஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ எழுதிவிடுவார்கள். சீட்டு எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள். தெரியாமல் ஒன்றை விழுங்கிவிட்டால் பதற வேண்டாம், அடுத்ததைப் போடாமல் குழுவுக்குத் தகவல் சொல்லுங்கள். தார் போலக் கறுத்த மலம், ரத்த வாந்தி, தலைசுற்றல், முதுகுவரை ஊடுருவும் மேல்வயிற்று வலி, இதில் எது வந்தாலும் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.