பேச்சு நின்றுபோனவரோடு பேச ஒரு படப்பலகை: செய்முறை

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில் நான் பார்த்துக்கொண்ட ஓர் ஆயாவுக்குப் பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் விழுந்துவிட்டன. நாம் சொல்வது பெரும்பாலும் புரியும். "தண்ணி" என்று கேட்க நினைத்தால் வாயில் "கதவு" என்று வரும். உடனே கண் கலங்கிவிடும். மூளையின் இடப்பக்கத்தில் மொழிக்கான பகுதி அடிபட்டால் இப்படி ஆகும். அஃபேசியா என்பார்கள். புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்து, அவர் எதிரிலேயே "சாப்பிட்டாங்களா?" என்று மகளிடம் கேட்காதீர்கள். ஆயாவிடமே கேளுங்கள்.

1. பலகை

ஏ4 அட்டை, தடித்த கறுப்பு மார்க்கர். தண்ணீர், வலி, கழிப்பறை, குளிர், புரண்டு படுக்க, அப்புறம் ஒரு பெரிய கேள்விக்குறி. ஆறு போதும், கூட்டினால் தேடியே களைத்துப்போவார்கள். கேள்விக்குறி என்றால் "வேறு ஏதோ". அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். படத்தின் கீழே அவர் படிக்கும் மொழியில் எழுதுங்கள். எங்கள் ஆயா பேசுவது தமிழ், படிப்பது ஆங்கிலம்.

டேப்லெட் செயலிகளும் உண்டு. எனக்கு அட்டைதான். மின்வெட்டில் சார்ஜ் போகாது, இரவுப் பணிக்கு வரும், ஜூலு மொழி பேசும் உதவியாளரும் பார்த்தவுடன் பயன்படுத்தலாம். லேமினேட் செய்தால் பளபளப்பில்லாததாகக் கேளுங்கள். விளக்கு பட்டு மின்னினால் படம் தெரியாது.

2. எங்கே பிடிப்பது

நான் சறுக்கிய இடம் இதுதான். மூன்று நாள் ஆயா தண்ணீரையே காட்டினார். கொண்டுபோனால் கோப்பையைத் தள்ளிவிடுவார். நான்காம் நாள் பலகை தற்செயலாக அவருடைய இடப்பக்கம் நகர்ந்தது. விரல் நேராக "வலி"மேல் போய் நின்றது. தோள் வலி. மூன்று நாளாக!

இடது மூளை அடிபட்ட சிலருக்கு இரண்டு கண்ணிலும் பார்வையின் வலப்பாதி மறைந்துவிடும். "வலி" பலகையின் வலது ஓரத்தில் இருந்திருக்கிறது. எனவே படங்களை மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் வரையுங்கள். பலகையை அவருடைய இடப்பக்கம் பிடியுங்கள். தட்டின் வலப்பாதியில் சோறு அப்படியே மிஞ்சுகிறதா என்றும் பாருங்கள். மிஞ்சினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

3. ஆமாம், இல்லை

"இது டர்பனா?" என்று கேளுங்கள். கொஞ்சம் பொறுத்து "இது கேப் டவுனா?" இரண்டுக்கும் "ஆமாம்" வந்தால் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம், கட்டைவிரலை உயர்த்தவோ தாழ்த்தவோ பழக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நடுவில் வேறு சொல்லில் திருப்பிக் கேட்டால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆயா கேள்விக்குறியைத் தொட்டார். உடம்பா? இல்லை. வீடா? இல்லை. இடது கை மெல்ல நெற்றிக்குப் போனது. திருநீறு! அன்றிரவே அதையும் வரைந்து சேர்த்தேன்.

பின்சேர்க்கை: அப்பாவுக்குக் கை அசையவே இல்லை என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அப்படியானால் நீங்கள் ஒவ்வொரு படமாகத் தொட்டு வாருங்கள். வேண்டியது வந்ததும் அவர் கண்ணை இறுக மூடட்டும். காது கேளாதவருக்கு இதுவே போதுமா என்று இன்னொருவர் கேட்டார். சைகை மொழி பேசுபவருக்குப் போதாது. தென்னாப்பிரிக்க சைகை மொழி 2023இல் நாட்டின் 12ஆவது ஆட்சிமொழியானது. மொழிபெயர்ப்பாளரைத் தயங்காமல் கேளுங்கள். அவர் வரும்வரை ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். உங்கள் முகம் இருட்டாகிவிடும்.