சங்கீதங்களை ஜெபமாக்குவது எப்படி

23, 91, 121 ஆகிய மூன்றும் நம்மில் பலருக்கு மனப்பாடம். மீதி 147 சங்கீதங்கள் வேதாகமத்தில் தூங்குகின்றன. அவற்றில் தொடங்க ஏற்றது 13. ஆறே வசனம்.

முதலில் அதை வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். கண்ணால் மட்டும் ஓட்டினால் செய்தித்தாள் படித்த மாதிரிதான் இருக்கும். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் நிறுத்தி, உங்கள் சொந்தக் கேள்வியை அங்கே வையுங்கள்: வேலை, கடன், நோய், எதுவானாலும். 3, 4 வசனங்கள் வேண்டுதல். கேட்க வேண்டியதை அங்கே கேளுங்கள். 5, 6 வசனங்கள் நம்பிக்கைக்குத் திரும்புகின்றன. மனம் இன்னும் அங்கே வரவில்லையென்றால் நடிக்க வேண்டாம், வசனத்தை மட்டும் சொல்லி விடுங்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் ஜெபந்தான்.

எபிரெயக் கவிதையில் எதுகை மோனையைத் தேடாதீர்கள். அங்கே ஒத்துவருவது கருத்து. "கர்த்தர் என் வெளிச்சமும் என் இரட்சிப்புமானவர், யாருக்குப் பயப்படுவேன்?" என்ற அடியை (27:1) அடுத்த அடி வேறு சொற்களில் திரும்பச் சொல்கிறது. முதல் அடிக்குப்பின் ஒரு மூச்சு விட்டால்தான் அந்த இரண்டாம் அடி உள்ளே இறங்கும். சங்கீதங்களின் இடையில் வரும், நிறுத்தக் குறிப்பாகக் கருதப்படும் 'சேலா' என்ற சொல்லைக் கண்டால் இன்னும் நீளமாக நிறுத்துங்கள். பிரதிப்பெயரையும் கவனியுங்கள். 23இல் "அவர்" என்று பேசிவந்தவன், மரண இருளின் பள்ளத்தாக்குக்கு வந்ததும் "தேவரீர்" என்று நேரே பேசத் தொடங்குகிறான்.

சபை ஆராதனையில் இரண்டு பக்கமாகப் பிரிந்து, ஆளுக்கொரு வசனமாகச் சொல்லலாம். வழக்கமாகக் கெடுவது வேகத்தால்தான்: ஒரு பக்கம் முடிக்குமுன் மறுபக்கம் தொடங்கிவிடும். வசனத்தின் நடுவே எல்லாரும் சேர்ந்து நிற்கப் பழகினாலே இது பாதி சரியாகும். மைக்கில் ஒருவர் மட்டும் ஓங்கிப் படித்தால் மற்றவர்கள் முணுமுணுப்பில் ஒதுங்குவார்கள், மைக்கை அணைத்துவிடுங்கள்.

தினசரி ஒழுங்குக்கு, ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகம் 150ஐயும் 30 நாளில் முடிக்கிறது. முதல் நாள் காலை 1 முதல் 5 வரை, மாலை 6 முதல் 8 வரை. 15ஆம் நாள் மாலையில் 78 மட்டும், அதற்கே 72 வசனம். புதியவர்களுக்கு இது அதிகம், நாளுக்கு ஒன்று போதும். விட்ட நாளை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாக வாசிப்பவர்கள் சீக்கிரம் நிறுத்திவிடுவார்கள். அன்றைய சங்கீதத்திலிருந்து தொடருங்கள்.

சாபம் வரும் 109ஐயும் 137இன் கடைசி வசனத்தையும் தாண்டிப் போகத் தோன்றும். தனி ஜெபத்தில் தாண்ட வேண்டாம். அந்தக் கோபம் எதிராளியிடம் போகவில்லை, பழிவாங்கும் வேலையைக் கையிலெடுக்கும்படி தேவனிடம் ஒப்படைக்கப்படுகிறது. சிறுபிள்ளைகள் இருக்கும் ஆராதனையில் மட்டும் விளக்கமில்லாமல் வாசிக்காதீர்கள்.

பழைய கத்தோலிக்கப் பதிப்போடு ஒப்பிடும்போது எண் மாறலாம். கிரேக்க, லத்தீன் மரபில் 9, 10 இரண்டும் ஒன்றாக எண்ணப்படுவதால் நமது 23 அங்கே 22.