காயம்பட்ட மாணவியை அணியோடு சேர்த்து வைத்த விதம்: என் அனுபவம்

கல்லூரித் தடகள அணியின் பயிற்சியாளரான எனக்கு, முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு மாணவியின் மௌனம் பெரும் கவலையைத் தந்தது. கால் தேறி வந்தபோதும், அவள் இரவில் உறங்காமல், வகுப்புக்கும் வராமல், தோழிகளின் அழைப்பை எடுக்காமல் ஒதுங்கியே இருந்தாள். இத்தகைய காயத்திலிருந்து போட்டிக்குத் திரும்பப் பெரும்பாலும் 9 மாதங்களோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், அவ்வளவு காலம் அவளைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அவளை மைதானத்துக்கு வரவழைத்து, கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்து, தொடர் ஓட்டத்தில் கோல் கைமாறும் நேரத்தைக் குறிக்கச் சொன்னேன். பரிதாபப்பட்டுக் கொடுத்த வேலையென்றால் அவள் உடனே கண்டுகொண்டிருப்பாள். அவள் குறித்த நேரங்களை வைத்தே ஓட்ட வரிசையை மாற்றினேன்.

அடுத்து, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, மனநல ஆலோசகரிடம் அவள் பேசும் எதுவும் எனக்கோ அணித் தேர்வுக் குழுவுக்கோ வராது என்பதை எழுத்திலேயே உறுதிசெய்தோம். நிலைமை மாறியது இதனால்தான் என்று நினைக்கிறேன், ஏனெனில் அணியில் இடம் பறிபோகும் என்ற அச்சமே மாணவர்களின் வாயைக் கட்டிவிடுகிறது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் மனநலம் கருதி அணி இறுதிப்போட்டியிலிருந்து விலகியதை அவளே பேச்சில் எடுத்தது அதன் பிறகுதான்.

இப்போது சர்வதேச ஒலிம்பிக் குழுவின் மனநலப் பரிசோதனைக் கருவியில் உள்ள 10 கேள்விகளை, பருவத் தொடக்கத்திலும் காயத்துக்குப் பின்னும் ஆலோசகரே அனைவரிடமும் கேட்கிறார். கல்லூரித் தேர்வுகள் நடக்கும் வாரங்களில் காலைப் பயிற்சியை நிறுத்தி, அந்த நேரத்தை உறக்கத்துக்கு விட்டிருக்கிறோம்.